பேசியவர் மாறினால் பேச்சு யாருடையது?

2006 ஒக்டோபர் 28ஆம், 29ஆம் திகதிகளில் ஜெனீவாவில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் சந்தித்தபோது, அரச தரப்புக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரும் அப்போதைய சுகாதார அமைச்சருமான நிமல் சிறிபால டி சில்வா. அவ்வாண்டு பெப்ரவரியில் நடந்த சந்திப்பிலும் அவரே தலைவர். ஆனால் எதிர்ப்புறத்தில் ஆள் மாறியிருந்தது. பெப்ரவரியில் அன்ரன் பாலசிங்கம் அமர்ந்திருந்த ஆசனத்தில் ஒக்டோபரில் சு.ப. தமிழ்ச்செல்வன் இருந்தார். ஏ-9 பாதையைத் திறப்பதா இல்லையா என்பதில் இரண்டு நாளும் கழிந்தன. அடுத்த சந்திப்புக்கு ஒரு திகதி கூடக் குறிக்கப்படாமல் கலைந்தார்கள். ஆறேழு வாரங்களில், டிசம்பர் 14ஆம் திகதி, பாலசிங்கம் லண்டனில் காலமானார்.

இந்த ஆசன மாற்றம் பற்றி அந்நாட்களில் நிறையப் பேசப்பட்டது. பாலசிங்கம் நெடுநாள் நோயாளி. 1999இல் கடல்வழியாக வன்னியை விட்டு வெளியேறி, 2000இல் ஒஸ்லோவில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர். ஆகவே மாற்றம் இயல்பானதே என்றார்கள் சிலர். 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் சமஷ்டித் தீர்வு பற்றி ஆராய அவர் இணங்கியதைத் தலைமை மனதார ஏற்கவில்லை, சரிவு அன்றே தொடங்கிவிட்டது என்று வேறு சிலர் எழுதினார்கள். அப்புத்தளைக் கடைத்தெருவில் இரவு பி.பி.சி. தமிழோசை முடிந்தபின் எழும் வாதங்களிலும் கேள்வி ஒன்றுதான்: புதியவர் பழையவரைப் போலத் தாக்குப்பிடிப்பாரா?

எனக்கு அந்தக் கேள்வி அன்றும் இரண்டாம் பட்சமாகவே பட்டது. ஓர் இயக்கமோ அரசோ தன் தலைமைப் பேச்சாளரை மாற்றுவது அதன் உரிமை. ஆனால் மாறிப்போனவர் மேசையிலிருந்து பிறரைப் பற்றிச் சொல்லிவைத்த வார்த்தைகள் என்னவாகின்றன? வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் தன் பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு போகலாம். அந்த வீட்டின் பெயரில் அண்டை அயலில் பட்ட கடனை யார் தீர்ப்பது?

முஸ்லிம்களாகிய நமக்கு இது வெறும் தத்துவ விசாரம் அன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் சுமார் 75,000 பேர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 ஏப்ரல் 10ஆம் திகதி, கிளிநொச்சியில் நடந்த அந்தப் புகழ்பெற்ற பத்திரிகையாளர் சந்திப்பில் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. பிரபாகரனுக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தும், பல வேளைகளில் தாமே விடையளித்தும் கொண்டிருந்த பாலசிங்கம்தான் இதற்கும் வருத்தம் தெரிவித்துப் பதில் சொன்னார். மூன்றாம் நாள், ஏப்ரல் 13இல், பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். வடக்கு முஸ்லிம்கள் மீளத் திரும்பலாம், கிழக்கில் முஸ்லிம்களிடம் பணம் அறவிடப்படாது, வயல் நிலங்களில் அவர்கள் விவசாயம் செய்யலாம், பேச்சுவார்த்தையில் முஸ்லிம் காங்கிரஸ் பங்கேற்கும் என்பவை அதன் சாரம். புத்தளத்து முகாம்களில் அன்று ஷுக்ருடைய ஸுஜூது செய்தவர்கள் உண்டு. ஜூன் மாத இறுதிக்குள் மூதூரிலும் வாழைச்சேனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2006 ஓகஸ்ட்டில் மூதூரே காலியாகி, மக்கள் கந்தளாயை நோக்கி நடந்தார்கள். ஜெனீவாவில் புதிய பேச்சாளர் அமர்ந்தபோது அந்த ஏப்ரல் வருத்தம் அவருடைய கோப்பில் இருந்ததா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நம்முடைய ஃபிக்ஹு நூல்களில் வகாலத் என்றொரு பாடம் உண்டு. நீதிமன்ற வாசலில் நாம் அன்றாடம் சொல்லும் வக்காலத்து அந்தச் சொல்லின் பிள்ளைதான். ஒருவர் தம் காரியத்தை முடிக்க இன்னொருவரை வக்கீலாக நியமிக்கலாம்; வேண்டாதபோது நீக்கலாம். ஆனால் நீக்கப்படுவதற்கு முன், கொடுக்கப்பட்ட அதிகாரத்துக்குள் நின்று வக்கீல் முடித்த காரியம், அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும். ஆளை நீக்கியதால் அவர் செய்த வியாபாரம் செல்லாமற் போவதில்லை. ஒருவர் மௌத்தாகிப் போனாலும் இதே நியாயந்தான். கடன் தீர்த்த பிறகே சொத்தில் பாகம் பிரிக்கலாம். ஆசனத்தைப் பெற்றவர் அதன் கடனையும் பெறுகிறார் என்பது இதிலிருந்து எளிதாக வரும் விதி.

எளிதாக வரும் விதிதான். நடைமுறையில் எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது என்று பார்க்கும்போதுதான் சிக்கல். பலரும் தரும் விளக்கம், நம்பிக்கை மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலானது, மனிதர் போனால் அதுவும் போய்விடும் என்பது. பாலசிங்கம் இருந்திருந்தால் என்று இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த வகையினர். அவர்களுக்குத் தாய்லாந்து மேசையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2002–03 பேச்சுவார்த்தைகளில் அரச தரப்புக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ஜீ.எல். பீரிஸ். ஒஸ்லோவில் சமஷ்டி பற்றிய இணக்கத்தை அரசின் சார்பில் சுமந்தவர் அவரே. 2007 ஜனவரியில் அவர் கட்சி மாறி, போரை நடத்திய அரசாங்கத்தில் அமைச்சரானார். புலிகளின் வரிசையில் இருந்த கருணா, அதாவது விநாயகமூர்த்தி முரளிதரன், 2004 மார்ச்சில் பிரிந்து, 2008இல் அரச தரப்புப் பாராளுமன்ற உறுப்பினராகி, 2009இல் அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். மேசையின் இருபுறத்து மனிதர்களும் உயிரோடும் பதவியோடும் ஒரே அரசாங்கத்தில் இருந்தார்கள். அவர்கள் பேசிய பேச்சுத்தான் எங்கேயும் இல்லை. ஆகவே ஆள் இருந்தால் வாக்கு இருக்கும் என்பது சரியான கணக்கு இல்லை.

இதன் மறுபக்கத்தை அறிய அப்புத்தளைக்காரன் தூரம் போக வேண்டியதில்லை. 1947 தேர்தலில் பக்கத்துப் பண்டாரவளைத் தொகுதி, இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த கே.வி. நடராஜாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த தேர்தல் 1952இல் வந்தபோது அவருக்கு வாக்களித்த தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் இடாப்பிலேயே இல்லை. பிரதிநிதியை மாற்றுவதற்கு அவருக்குப் பின்னாலிருந்த மக்களையே எடுத்துவிடும் வழியும் உண்டு என்பதை ஊவாவின் லயங்கள் அன்றே கண்டுகொண்டன. பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் இருந்தார். டில்லி மேசையில் அவருக்கு நாற்காலி போடப்படவில்லை.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். 1965 மார்ச்சில் சிறிமாவோ தேர்தலில் தோற்றார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கந்தில் இறந்தார். பேசிய இருவருமே பதினைந்து மாதங்களுக்குள் ஆசனத்தில் இல்லை. ஒப்பந்தம் செத்ததா? இல்லை. எதிர்க்கட்சியிலிருந்து வந்த டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் 1967இல் அதை நிறைவேற்றச் சட்டம் இயற்றியது. இந்திரா காந்தி அதை ஏற்று நடத்தினார். 1974இல் அவரும், மீண்டும் பிரதமராகிவிட்ட சிறிமாவோவும், மிச்சமிருந்த 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைவர் மாறினார், கட்சி மாறிற்று, கொள்கை மாறிற்று. அந்த வாக்கு மட்டும் ஒரு மயிரிழை கூட நழுவவில்லை. இரு நாடுகளின் உறவில் இத்தனை விசுவாசமாகக் காப்பாற்றப்பட்ட ஒப்பந்தம் வேறு உண்டோ என்று எனக்குச் சந்தேகம்.

அதன் விலையை மலையகம் கொடுத்தது. அப்புத்தளை நிலையத்திலும் பண்டாரவளையிலும் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து ராமேஸ்வரம் போனவர்களின் ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். தம்பத்தென்னைப் பக்கத்திலிருந்து போன குடும்பங்களைப் பற்றி என் வாப்பா சொல்வார். கடையில் அவர்களுக்குப் பற்றுக் கொப்பி இருந்தது. பயணத்துக்கு முதல் நாள் வந்து, கொப்பியைத் திறக்கச் சொல்லி, செருப்புக்கும் சீனிக்கும் பட்ட கடனைச் சதம் மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டுப் போவார்களாம். “இனி எப்ப மொதலாளி பாக்கப்போறோம், கடனோட கடல் தாண்டக் கூடாது” என்று ஒரு பெரியவர் சொன்னதாக வாப்பா நினைவு வைத்திருந்தார். அவர்கள் பெயரில் டில்லியில் எவரோ செய்த கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள தூரத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1964இன் வாக்கு, பேசியவர்கள் எல்லாம் மாறியும் நிலைத்தது. 2002 ஏப்ரலின் வாக்கு, பேசியவர்கள் மாறுமுன்பே, மூன்று மாதத்துக்குள் ஆட்டங்கண்டது. வேறுபாடு ஆளில் இல்லை. முந்தியதைக் காப்பாற்ற ஒப்பமிட்டவர்கள் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. மேசையில் இல்லாதவர்கள் இழந்தார்கள். பிந்தியதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒப்பமிட்டவர் தம் ஆட்களைத் தடுக்க வேண்டும், வரவு ஒன்றை நிறுத்த வேண்டும், பிடித்த காணியை விட வேண்டும். ஒரு வாக்கின் ஆயுள் அதன் விலை யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. பேச்சாளரை மாற்றுவது, தமக்கு விலை வைக்கும் வாக்கிலிருந்து கழன்றுகொள்ளக் கிடைக்கும் கௌரவமான வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். விலை வேறொருவர் தலையில் என்றால் யாரும் கழன்றுகொள்ள விரும்புவதில்லை.

இதை எழுதும்போது ஹுதைபிய்யா நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில், கி.பி. 628இல், மக்கத்துக் குறைஷிகள் ஒருவர்பின் ஒருவராக ஆட்களை மாற்றினார்கள். புதைல் வந்தார், உர்வா வந்தார், ஹுலைஸ் வந்தார். பார்க்கப் போனவர்கள் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சுமந்துகொண்டு திரும்பினார்கள். அதனாலேயே அடுத்தவர் அனுப்பப்பட்டார். பேச்சாளரின் விதி அன்றும் இதுதான். எதிர்த்தரப்பைப் புரிந்துகொண்டவர் தம் தரப்புக்கு உதவாதவராகிவிடுகிறார். கடைசியில் எழுதி முடிக்கும் அதிகாரத்தோடு வந்தவர் சுஹைல் இப்னு அம்ர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரோடு இருந்த இறைத்தூதர் என்ற அடைமொழியையே அழிக்க வைத்தவர். மக்காவிலிருந்து தப்பி வருகிறவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. மை காயுமுன், சங்கிலி கட்டிய கால்களோடு வந்து விழுந்தார் அபூ ஜந்தல். சுஹைலின் சொந்த மகன். இஸ்லாத்தைத் தழுவியதற்காகத் தகப்பனால் அடைத்து வைக்கப்பட்டவர்.

அவர் திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) உள்ளிட்ட தோழர்களால் தாங்க முடியாமல் போன அந்தக் காட்சியை நாம் பெரும்பாலும் பொறுமைக்கும் ராஜதந்திரத்துக்கும் பாடமாகவே குத்பாக்களில் கேட்கிறோம். நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். வாக்கின் முதல் விலை, வாக்களித்தவர்களின் சொந்த நெஞ்சிலிருந்து பறிக்கப்பட்டது. அதோடு, யாருடைய வாழ்க்கையை அந்தச் சரத்துத் தீர்மானித்ததோ அந்த மனிதர் நேருக்கு நேர் நின்றார். அவரிடம் நபியவர்களே காரணம் சொன்னார்கள், பொறுத்திருக்கச் சொன்னார்கள், அல்லாஹ் வழி திறப்பான் என்றார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். 5,25,000 பேரில் ஒருவருடைய முகத்தையாவது பார்த்துச் சாஸ்திரியோ சிறிமாவோவோ காரணம் சொன்னதுண்டா? 1990இல் யாழ்ப்பாணத்து ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டு வந்து நின்றவர்களுக்குக் கட்டளை சொல்லப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். தாய்லாந்தின் சத்தஹிப் கடற்படைத் தளத்தில் முதற் சுற்று தொடங்கியது 2002 செப்டம்பர் 16ஆம் திகதி. எம்.எச்.எம். அஷ்ரஃப் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்து சரியாக இரண்டாண்டு நிறைந்த நாள். ஹக்கீம் அங்கே அமர்ந்தது அரச தூதுக்குழுவின் உறுப்பினராக. முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கிடைத்த பதில், உரிய நேரத்தில் அழைப்போம் என்பது. அந்த உரிய நேரம் வரவேயில்லை. 2003 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலுவிலில் கூடிப் பிரகடனம் செய்தார்கள். 2006 பெப்ரவரி ஜெனீவாவில் முஸ்லிம் முகம் மாறியிருந்தது. அரச குழுவில் அமைச்சர் பேரியல் அஷ்ரஃப் இருந்தார். இந்த மாற்றத்தை எந்த முஸ்லிம் சபையும் தீர்மானிக்கவில்லை. கொழும்பில் அரசாங்கம் மாறியது, நம் பேச்சாளரும் மாறினார். முன்னவர் எதைச் சொல்லிவைத்தார், பின்னவர் எதைத் தொடர வேண்டும் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது கைமாறியிருந்தால் ஆச்சரியப்படுவேன்.

தனித்தரப்புக் கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறவர்களோடு என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. அதன் தலைமைப் பேச்சாளரை யார் தெரிவு செய்திருப்பார்? இலங்கை முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வடகிழக்குக்கு வெளியே வாழ்கிறார்கள். அப்புத்தளையில், வெலிமடையில், பதுளையில் இருப்பவர்களிடம் 2002இல் எந்தக் கட்சியும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையக மக்களுக்கும் இதே கதைதான். 1985இல் திம்புவில் தமிழ் அமைப்புகள் வைத்த நான்கு கோட்பாடுகளில் கடைசியானது இத்தீவைத் தாய்நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்குமான பிரஜாவுரிமை பற்றியது. அவர்களுக்காகவும் பேசப்பட்டது; அவர்களுடைய தொழிற்சங்கம் ஒன்றுகூட அங்கே இருக்கவில்லை.

வெளியில் இப்படி முறையிடும் நாம் வீட்டுக்குள் எப்படி என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் மணமகளின் ஒப்பத்தைக் கட்டாயமாக்காமல் விட்டது. வலியின் ஒப்பம் போதும். சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் அமைக்கப்பட்டு, 2018இல் அறிக்கை கொடுக்க ஒன்பதாண்டுகள் எடுத்துக்கொண்டது. பெண்ணின் வாழ்க்கையை எழுதும் தாளில் பெண்ணின் கை படவேண்டுமா என்று நம் ஆலிம்களும் சட்டத்தரணிகளும் வாதிட்ட அதே ஆண்டுகளில், நம்மைப் பற்றி எழுதும் தாளில் நம் கை படவில்லை என்று மகஜர்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஆள் மாறியும் பேச்சு நிலைத்ததற்கு நல்ல உதாரணமே இல்லையா என்றால், தென் பிலிப்பைன்ஸில் உண்டு. மிண்டனாவோ முஸ்லிம்களின் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு அரச தரப்பில் பேசிக்கொண்டிருந்த மார்விக் லியோனன், 2012 ஒக்டோபர் 15இல் சட்டகை உடன்படிக்கை கையொப்பமாகிச் சில வாரங்களில், உச்ச நீதிமன்ற நீதியரசராக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்த மிரியம் கொரொனெல் ஃபெரர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 2014 மார்ச் 27இல் முழுமையான உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். முன்னவர் முடித்ததைப் பின்னவர் எழுத்தில் பெற்றிருந்தார். அனுப்பிய அரசும் மாறவில்லை. 2019இல் பங்சமோரோ சுயாட்சிப் பிரதேசம் பிறந்தது. அங்கேயும் முஸ்லிம் அல்லாத லுமாட் பழங்குடிகள், எங்கள் காணியைப் பற்றி எங்களைக் கேட்காமல் பேசினீர்கள் என்று முறையிட்டார்கள். அவர்களுடைய முறையீட்டைப் படிக்கும்போது பெயர்களை மாற்றிவிட்டால் ஒலுவில் பிரகடனத்தின் குரல் கேட்கிறது. இம்முறை அதைக் கேட்க வேண்டிய செவி முஸ்லிம்களுடையது.

தமிழ்ச்செல்வன் 2007 நவம்பர் 2ஆம் திகதி கிளிநொச்சியில் விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். பா. நடேசன் அவருடைய பொறுப்புக்கு வந்தார். அவர் அமர்வதற்கு மேசை இருக்கவில்லை. 2008 ஜனவரியில் அரசாங்கம் போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2009க்குப் பின் வடக்கு முஸ்லிம்கள் சிலர் திரும்பினார்கள். முசலியிலும் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலும் இடிந்த சுவர்களுக்கு நடுவே பற்றை வெட்டி, தங்கள் பெயர் புத்தளத்து இடாப்பிலா சொந்த ஊர் இடாப்பிலா என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். 2002 ஏப்ரல் 13ஆம் திகதியத் தாளை எடுத்துக்கொண்டு அவர்களில் ஒருவர் யாரிடமாவது போக நினைத்தால், அதில் ஒப்பமிட்ட இருவரில் ஒருவர் 2009 மே மாதத்தில் முல்லைத்தீவில் இறந்துவிட்டார். மற்றவர் அதன்பின் பல அரசாங்கங்களில் அமைச்சராக இருந்தார்.